பஸ் கேட்காத கப்பல்

ஸ்காபரோவில், அஜின்கோர்ட் பக்கம் நாங்கள் வழக்கமாகப் பிளேன்ரீ குடிக்கும் கடையில் இப்போது ஒரு ரிவி மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு கப்பலைக் காட்டினால் போதும், மேசையைச் சுற்றியிருக்கிற பென்சன்காரர் அத்தனை பேரும் அட்மிரல் ஆகிவிடுவார்கள். "பார், அனுப்பிட்டான். இனிச் சண்டைதான்" என்பார் ஒருவர். "சும்மா வெருட்டுறான், உது சண்டைக்கில்லை" என்பார் இன்னொருவர். பிறகு எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். "அன்ரன் அண்ணை, நீங்கள் உந்தக் கப்பல் வேலைதானே செய்தனீங்கள். சொல்லுங்கோவன்."

நான் வாய் திறப்பதில்லை. போன கிழமை மட்டும் எரிச்சல் தாங்காமல் ஒன்று சொல்லிவிட்டேன். "எங்க போகுது எண்டு பாத்து என்ன செய்யப் போறியள்? எங்கயிருந்து வெளிக்கிட்டுப் போட்டுது எண்டு பாருங்கோ." சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அடுத்த நாளே சங்க மலர் பொறுப்பாளர் போன் எடுத்தார். நான் சொன்னதை விளக்கி ஒரு கட்டுரை வேண்டுமாம், பிந்தாமல் வேண்டுமாம்.

எழுதுகிறேன். ஆனால் எந்த நாட்டுக் கப்பல், கம்பனியின் பெயர் என்ன என்று கேட்டுக்கொண்டு வரவேண்டாம். எனக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, இரகசியம் காப்பேன் என்று அன்றைக்கு வைத்த கையெழுத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். யுத்தக் கப்பல் வேலையில் இத்தனை வருடம் இருந்த நான் ஒரு யுத்தக் கப்பலில் கால் வைத்ததில்லை. ஸ்காபரோவில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்திலும், தொற்றுக் காலத்தில் அஜக்ஸில் எங்கள் வீட்டு பேஸ்மென்ரிலும் இருந்துதான் அவ்வளவு வேலையும் பார்த்தேன்.

மன்னாரிலிருந்து வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஒற்றை அறை வீட்டில் ஒரு கூட்டத்தோடு கிடந்தது, கோப்பை கழுவியது, பின்னேர வகுப்பில் சரக்கு அனுப்பும் படிப்புப் படித்தது எல்லாம் இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருடைய கதையும்தான். அதைத் தாண்டுவோம். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு வேண்டியதை ஒழுங்கு செய்து கொடுக்கும் ஒரு கம்பனியில் எனக்கு வேலை கிடைத்தது. முதலில் சாதாரண சரக்குக் கப்பல்கள். பிறகு கடற்படைப் பகுதிக்கு ஆள் வேண்டும் என்றார்கள்.

அதற்கு முன்பு ஒரு விசாரணை இருந்தது. மன்னாரில் யார் யாரைத் தெரியும், எந்த அகதி முகாமில் இருந்தாய், யாருக்குக் காசு அனுப்பினாய் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். நல்ல மரியாதையாகத்தான் கேட்டார்கள், கோப்பியும் தந்தார்கள். வெளியே வந்தபோது சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் அந்தப் பயம் போகவில்லை. வேறொருவன் பிழை விட்டால் அது கவலையீனம், தமிழன் விட்டால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள் என்று எனக்குள் ஒரு நடுக்கம் கடைசி நாள் வரைக்கும் இருந்தது.

வேலை என்னவென்று சொல்கிறேன். ஒரு நாடு தன் யுத்தக் கப்பலை இன்னொரு நாட்டுக் கரையில் நிறுத்தி வைப்பது என்றால் நீங்கள் பீரங்கியை நினைப்பீர்கள். நான் குப்பையைத்தான் நினைப்பேன். அது ஒரு சின்ன ஊர். குளிக்கத் தண்ணீர் வேண்டும், மரக்கறி வேண்டும். கழிவை இழுத்துக்கொண்டு போக ஒரு படகு வேண்டும். கப்பல் இறங்குதுறையில் உரசாமல் இருக்க ஃபெண்டர் என்கிற பெரிய ரப்பர் உருளைகள் வேண்டும். இதை எல்லாம் அங்கே இருக்கிற உள்ளூர் முகவர்களைப் பிடித்து ஒழுங்கு செய்வதுதான் என் மேசையின் வேலை.

ஓடர் ஒரேயடியாக வராது. முதலில் நாள் வரும், அதுவும் இந்தக் கிழமைக்கும் அந்தக் கிழமைக்கும் இடையில் என்று மழுப்பலாக. பிறகு எத்தனை பேர் என்று வரும். பிறகு தண்ணீரின் அளவு. எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் பஸ் கேட்பார்கள், மாலுமிகள் ஊர் பார்க்கப் போவதற்கு. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, மேசையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்: பஸ் கேட்டுவிட்டால் கப்பல் வரும். பஸ் கேட்கும் வரைக்கும் எதையும் நம்பாதே.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் மோரீன் என்ற பெண்மணி. ஹலிபக்ஸ் பக்கம், கடற்படைக் களஞ்சியத்தில் இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். சுடுதண்ணீர் மட்டும்தான் குடிப்பார். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை, அதனாலேயே எல்லாருக்கும் பயம். நாங்கள் ஒரு விஷயத்தைச் சொன்னால், அதிலிருந்து தேவையில்லாத சொல்லை எல்லாம் உருவி எறிந்துவிட்டு மிச்சத்தை எங்களுக்கே திருப்பித் தருவார். ஒருமுறை நான் போய், "நாளைக்குக் காலமை தண்ணி ஏத்தலாம் எண்டு நினைக்கிறன், காத்தும் அவ்வளவு இல்லையாம்" என்று ஆங்கிலத்தில் நீட்டி முழக்கினேன். "நாளை. தண்ணீர். நினைக்கிறீர்களா, தெரியுமா?" என்றார். தெரியாது. திரும்பிப் போய்த் தெரிந்துகொண்டு வந்தேன்.

கப்பல் என்ற சொல்லையே அவர் அறைக்குள் சொல்லக்கூடாது. "வாடிக்கையாளர்" என்றுதான் சொல்லவேண்டும். பெயர் எழுதக்கூடாது. உள்ளூர் முகவருக்கு எது தேவையோ அது மட்டும்தான் போகவேண்டும், அதற்கு மேல் ஒரு சொல் போகக்கூடாது. எங்கள் வேலைத் தொலைபேசியில் பேசுவதெல்லாம் பதிவாகும். புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்வது ஒரே ஒரு பாடம்தான். "நாங்கள் தண்ணீர் விற்கிறோம், குப்பை எடுக்கிறோம். செய்தி விற்பதில்லை."

கடைசி வருடங்களில் என் கையில் இருந்தது கருங்கடல். அந்தக் கடலோரத்தில் இல்லாத நாடுகளின் யுத்தக் கப்பல்கள் அங்கே மூன்று கிழமைக்கு மேல் நிற்கக்கூடாது என்று ஒரு பழைய உடன்படிக்கை இருக்கிறது. அதனால் நிரந்தரமாக நிற்பதுபோல் காட்டவேண்டும் என்றால் ஒன்று போக ஒன்று வரவேண்டும். ஒரு கப்பல் நீரிணையால் வெளியே போகும், இன்னொன்று உள்ளே வரும். உக்ரேன் கரையில் ஒரு துறைமுகத்தில் அவை வந்து கட்டும்போதெல்லாம் தண்ணீர் கொடுத்துக் குப்பை எடுத்தவள் எங்கள் உள்ளூர் முகவர் லூதா.

லூதாவோடு முதல்முறை பேசியபோது என் பெயரைக் கேட்டதும் துள்ளிவிட்டாள். இருவரும் பேசியது ஆங்கிலம்தான், அவளுடையதும் உடைசல், என்னுடையதும் உடைசல். எனக்குள் அது எங்கள் பேச்சாகவே கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"அன்ரனோ? உது எங்கட பேரெல்லோ! நீங்கள் எந்த ஊர்?"

"மன்னார்."

அவள் அதைத் தன் நாட்டு வரைபடத்தில் தேடியிருக்கிறாள். பிறகு நான் விளங்கப்படுத்தியபோது கத்தோலிக்கத் தமிழர் என்று ஒரு கூட்டம் இருக்கிறதா என்று வாய் பிளந்தாள்.

அவளுக்குப் புருஷன் இல்லை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட தாய் அவளோடு இருந்தார், லிப்ற் இல்லாத ஐந்தாம் மாடியில். ஒரே மகன் அந்திரி, இருபத்தைந்து வயது இருக்கும், தண்ணீர்ப் படகும் குப்பைப் படகும் அவன் பொறுப்பு. வாயாடி. தாய் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று, "மிஸ்டர் அன்ரன், உங்கட ஆக்கள் பழக்கொட்டையோட குப்பை தருகினம், என்ர பம்ப் அடைக்குது" என்று முறைப்பாடு வைப்பான். நான் சிரித்தால் இன்னும் இரண்டு முறைப்பாடு சேர்த்து வைப்பான்.

தொற்றுக் காலத்தில் நாங்கள் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்தோம். அப்போதுதான் என் மனைவி ரெஜினாவுக்கு லூதா பழக்கமானாள். ரெஜினா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவள். பக்கவாதக்காரரைக் கட்டிலில் புரட்டுவது, கதிரைக்கு மாற்றுவது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒருநாள் பேஸ்மென்ருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தவள், திரையில் லூதா தாயைத் தூக்கமுடியாமல் முதுகு பிடித்துக்கொண்டது பற்றி அழுததைக் கேட்டு, "தள்ளுங்கோ அங்கால" என்று என்னை நகர்த்திவிட்டு, தலையணையை எங்கே வைப்பது, கையை எங்கே கொடுப்பது என்று செய்து காட்டினாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் தங்கள் தங்கள் கைத்தொலைபேசியில் தனியாகக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். ரெஜினாவின் ஆங்கிலத்தைக் கேட்டு நான் சிரிப்பேன். லூதாவுக்கு என்னுடையதைவிட அதுதான் நன்றாக விளங்குமாம்.

அந்த மாரியில் ரிவிக்காரர் எல்லாம் உக்ரேன் எல்லையில் படைகள் குவிவதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தது வேறு. வருடப் பிறப்போடு கருங்கடலில் நின்ற வாடிக்கையாளர் நீரிணையால் வெளியே போனார். அடுத்தவருக்கு மாசிக் கடைசிக்கு இறங்குதுறையில் இடம் போட்டிருந்தது. நாள் மட்டும் வந்தது, ஆட்கணக்கு வரவில்லை. தண்ணீர் அளவு வரவில்லை. நீரிணைக்கு வெளியே, கிரேக்கப் பக்கத்தைக் கவனித்த எங்கள் மேசைக்கோ ஓடர் மேல் ஓடராக வந்து விழுந்தது, இருந்தவர்களுக்கு இன்னும் இரண்டு கிழமை, வருகிறவர்களுக்கு இன்னும் ஒரு மாதம் என்று. எல்லாரும் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வராமல் இருக்கிறார்கள்.

மோரீனைக் கேட்டேன். மாசிக்குப் போட்ட இடத்தை நிறுத்திவிடலாமா என்று.

"இல்லை. இருந்தபடியே இருக்கட்டும். வாடிக்கையாளரின் கட்டளை."

"வராவிட்டாலுமா?"

திரையில் அவர் சுடுதண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "இருந்தபடியே இருக்கட்டும்" என்றார் மறுபடியும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிறுத்தினால் வரமாட்டார்கள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். நிறுத்தாமல் விட்டால் வருவார்கள் என்று எல்லாரும் இருப்பார்கள். லூதா ஃபெண்டரைக் கழுவி வைத்துக் காத்திருப்பதுதான் அவர்களுக்குத் தேவை. அவள் காத்திருப்பதை எல்லையில் படை குவிக்கிறவன் பார்க்கவேண்டும். படுபாவிகள் என்று மனதுக்குள் திட்டினேன், பிறகு அதுவும் எங்காவது பதிவாகியிருக்குமோ என்று பயந்தேன்.

அந்தக் கிழமை லூதா எடுத்தாள். மாசித் தொடக்கத்தில் தாயைக் கூட்டிக்கொண்டு ருமேனியாவில் இருக்கிற ஒன்றுவிட்ட தங்கையிடம் போகிறாளாம். அங்கே பக்கவாதத்துக்கு நல்ல பயிற்சி கொடுக்கிற இடம் இருக்கிறதாம், பஸ்ஸுக்கும் இடம் எடுத்தாயிற்றாம், மகனும் கூடவந்து பாட்டியைத் தூக்கி இறக்குவானாம். "கப்பல் வாறதுக்கு முதல் திரும்பியிடுவம். அதுக்கிடையில ஏதும் மாற்றம் இருக்கோ?" என்று கேட்டாள்.

கர்த்தரே, என்ன சொல்வது? திரும்பி வராதே என்று சொல்லவேண்டும். சொல்லமுடியாது. அந்த இடத்தில் நான் எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் செய்தேன். எங்களுக்குள் சாவு அறிவிக்கிற முறை உங்களுக்குத் தெரியும். ஊரில் ஒருவர் செத்துப்போனால் போன் எடுத்து அதைச் சொல்லமாட்டோம். "கொஞ்சம் சீரியஸாம், லீவு போட்டிட்டு வெளிக்கிடுங்கோ" என்போம். கேட்கிறவருக்கு அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லிலேயே எல்லாம் விளங்கிவிடும், ரிசீவரை வைக்க முதலே அழத் தொடங்கிவிடுவார். என் அப்பாவை எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். நானும் நாலைந்து பேருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

"லூதா, கொஞ்சம் பிந்தும்போல கிடக்கு" என்றேன். எவ்வளவு பாரத்தைக் குரலில் ஏற்றமுடியுமோ அவ்வளவும் ஏற்றினேன். "நீங்கள் அம்மாவோட ஆறுதலா நிண்டு வாங்கோ. அவசரப்பட வேண்டாம். நல்லா ஆறுதலா."

"விளங்குது, மிஸ்டர் அன்ரன்" என்றாள் அவள்.

எனக்கு ஒரு சுமை இறங்கியதுபோல் இருந்தது. அன்றைக்கு இரண்டு கோப்பைச் சோறு சாப்பிட்டேன்.

நாலாம் நாள் அவள் மறுபடி எடுத்தாள், நல்ல உற்சாகமாக. "நான் பஸ்ஸை நிப்பாட்டிட்டன். கப்பல் பிந்தும் எண்டா நாள் நிச்சயமில்லையெல்லோ, நாங்கள் அங்க நிக்கேக்க வந்து நிண்டா? உங்களை நடுத்துறையில விட்டிட்டுப் போவனே? அம்மாவைச் சித்திரையில கொண்டுபோறன்." பின்னால் அந்திரி ஏதோ கத்த, அவள் சிரித்தாள். "புது பம்ப் பூட்டியிருக்கிறானாம். பழக்கொட்டை எவ்வளவு வந்தாலும் இனிப் பரவாயில்லையாம்."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ நன்றி சொல்லி வைத்திருப்பேன். பிந்தும் என்றால் அவளுக்குப் பிந்தும்தான்! அவளுக்கு யார் இந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது? போக வெளிக்கிட்டவளை இழுத்து இருத்தியது என் வாய்.

அன்றைக்கே மோரீனிடம் நேராகப் பேசினேன். வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் உருவி எடுப்பதற்கு மிச்சமில்லாமல் பேசினேன்.

"முகவர் தாயைக் கூட்டிக்கொண்டு போக இருந்தார். வாடிக்கையாளருக்காக நிற்கிறார். வாடிக்கையாளர் வரமாட்டார். அவரிடம் சொல்ல அனுமதி வேண்டும்."

அவர் திரைக்குக் கிட்ட வந்தார். "வரமாட்டார் என்று உங்களுக்குத் தெரியுமா, நினைக்கிறீர்களா?"

"நினைக்கிறேன்."

"நானும் நினைக்கிறேன்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. "ஆனால் நினைப்பதைச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. இல்லை, அன்ரன். அனுமதி இல்லை. நீங்கள் சொன்னால் நான் அறிக்கை கொடுப்பேன். கொடுக்காமல் விடுவேன் என்று எண்ணவேண்டாம்."

அவரில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. பொய் சொல்லாத ஒரு மனுசி என்று மரியாதையும் வந்தது. அறிக்கை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மன்னாரில் பிறந்த ஒருவன், யுத்தக் கப்பல் நகர்வு பற்றி வெளிநாட்டில் இருக்கிற ஒருவருக்குத் தகவல் கொடுத்தான். இந்த ஒரு வசனம் போதும், பிறகு நான் யார், லூதா யார், அவள் தாய்க்கு எத்தனை மாடி என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. எங்கள் மூத்தவள் அப்போதுதான் அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அவளுடைய பெயருக்குப் பின்னாலும் என் பெயர்தான் இருக்கிறது.

அதற்கு மேல் நான் பட்ட பாட்டை எப்படி எழுதுவது? காலையில் நாலு செய்தித்தளமும் பார்ப்பேன். ஓடர்ப் பெட்டியைத் திறந்து பஸ் கேட்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன். பஸ் கேட்டுவிட்டால் நான் நினைத்தது பிழை, நான் பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். பயந்தாங்கொள்ளியாக இருக்க அப்படி ஆசைப்பட்டேன். மாசியும் பாதியாகிவிட்டது, ஒருவரும் பஸ் கேட்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் ரெஜினா என் முன்னால் வந்து இருந்தாள்.

"இஞ்சருங்கோ, என்ன நடக்குது உங்களுக்கு?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாதவர் ஏன் சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு வைச்சிட்டு எழும்புறியள்? லூதாவின்ர பேரைச் சொன்னா முகம் கறுக்குது. நேற்று அவ தாய்க்கு வடிவாக் கால் ஊண்டுது எண்டு சொல்லுறன், நீங்கள் எழும்பிப் போறியள்."

"ரெஜினா, நீர் கேக்காதையும். நான் கையெழுத்து வைச்சிருக்கிறன்."

"நான் கேக்கேல்லை. நீங்கள் சொல்லவும் வேண்டாம். ஒரு சொல்லும் எனக்குத் தெரியவேண்டாம்." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஜினாவின் தாய் கடைசிச் சண்டையில் வன்னியில் செத்தவர். வெளிநாட்டு உதவிக்காரர் வாகனங்களைக் கட்டிக்கொண்டு வெளியேறிய கிழமை, "அவையள் திரும்பி வருவினம், எங்களை விட்டிட்டுப் போகமாட்டினம்" என்று போனில் மகளுக்குச் சொன்னவர். அதற்குப் பிறகு அந்தப் போன் வரவில்லை. ரெஜினா எழுந்தாள். "போங்கோ. வெளியில போய் ஸ்னோவைத் தள்ளுங்கோ" என்றாள்.

"ஸ்னோ காலமையே தள்ளியாச்சு."

"பேந்தும் தள்ளுங்கோ!"

நான் கராஜுக்குள் போய் ஸ்னோ தள்ளும் சவளைக் கையில் எடுத்துக்கொண்டு கதவடியில் நின்றேன். கேட்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். அவள் தன் போனில்தான் எடுத்தாள்.

"லூதா, நான் ரெஜினா. கேளுங்கோ. எனக்குக் கப்பல் தெரியாது. உங்கட நாடு தெரியாது. எனக்கு என்ர மனுசன்ர முகம் தெரியும். நாப்பது வருசமாத் தெரியும். அவர் சாப்பிடுறாரில்லை, லூதா. உங்கட பேரைச் சொன்னா மூஞ்சையைத் திருப்புறார். ஏன் எண்டு நான் கேக்கேல்லை, அவர் சொல்லவும் இல்லை. நீங்கள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. இண்டைக்கே போங்கோ. நான் என்ர அம்மாவை விட்டனான். நீங்கள் விடாதேங்கோ."

அங்கிருந்து என்ன பதில் வந்ததோ தெரியாது. ரெஜினா "ஓம், ஓம்" என்றாள், பிறகு அழுதாள். நான் சுத்தமாகக் கிடந்த பாதையில் போய்ச் சவளால் வெறும் சீமெந்தைச் சுரண்டிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரன் கையைக் காட்டிவிட்டு ஒருமாதிரிப் பார்த்தான்.

இரண்டு நாள் கழித்து ரெஜினா, "போட்டாவாம். எல்லை தாண்டியாச்சாம்" என்று மட்டும் சொன்னாள். லூதா எனக்கு ஒன்றும் அறிவிக்கவில்லை. முகவர் இடத்தில் இல்லை என்று தெரிந்தால் ஒப்பந்தம் போய்விடும் என்று அவளுக்குப் பயம் இருந்திருக்கும், அது நியாயம்தானே. நானும் கேட்கவில்லை. போய்விட்டார்கள். அன்றைக்கு நான் முழங்காலில் நின்று செபம் சொன்னேன். பிறகு வந்த நாட்களில் எல்லையில் படை கூடிக்கொண்டே போனதை ரிவியில் பார்த்தபோதும் என் மனம் ஒரு மூலையில் ஆறுதலாக இருந்தது.

சண்டை தொடங்கிய மறுநாள் காலை ரெஜினாவின் போன் அடித்தது. லூதா. இரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் விளங்காத மொழியில் அழுதார்கள். கிழவியின் முகத்தையும் காட்டினாள், ஒரு வெள்ளைக் கட்டிலில் போர்வைக்குள் இருந்தார். ரெஜினா தமிழில், "அம்மா, சுகமா இருக்கிறியளோ அம்மா?" என்று கேட்க, கிழவி இழுபடாத கையைத் தூக்கினார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நான் போனை வாங்கினேன்.

"லூதா, கர்த்தருக்குத் தோத்திரம். எங்க உங்கட மகன்? அவனிட்டக் குடுங்கோ, அவன்ர முறைப்பாட்டைக் கேப்பம்."

அவள் என்னையே பார்த்தாள்.

"அவன் வரேல்லையே, மிஸ்டர் அன்ரன்."

"ஏன்?"

"ரெண்டு பேரும் போனா உங்கட கப்பலுக்கு ஆர் தண்ணி குடுக்கிறது? இடம் போட்டது போட்டபடி கிடந்துதெல்லோ. நீங்கள் நிப்பாட்டேல்லையே. அதால அவன் எங்களை பஸ்ஸில ஏத்திவிட்டிட்டுப் படகோட நிண்டிட்டான்." அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை, ஒரு முகவர் இன்னொரு முகவருக்கு நிலைமை சொல்வதுபோல் சொன்னாள். "இப்ப ஆம்பிளையளை எல்லையில விடுகினமில்லையாம்."

ரெஜினா என்னிடமிருந்து போனை வாங்கி வைத்துவிட்டு அப்படியே படியில் இருந்துவிட்டாள். "அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டுதானே சொன்னனான்" என்றாள். "எங்கட வீட்டில சண்டை எண்டவுடன முதல் வெளியில அனுப்பினது அண்ணையையெல்லோ. பெடியளைத்தானே எல்லாரும் முதல் அனுப்பினவை. அது எப்பிடி எனக்கு வாயில வராமல் போச்சு? கடவுளே, எப்பிடி வராமல் போச்சு?"

நான் அவள் பக்கத்தில் இருந்தேன். உனக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாதே, தெரிந்த நான்தானே வாயை மூடிக்கொண்டு சவளோடு நின்றேன் என்று சொல்ல வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்திரி இன்றைக்கும் அங்கேதான். இப்போது படகில் இல்லை, சீருடையில் இருக்கிறான். லூதா ஞாயிறு தோறும் ரெஜினாவுக்கு எடுப்பாள். எடுக்கப் பிந்துகிற ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் உலை ஏறாது.

லூதா எடுத்த அன்றைக்கே நண்பகல் மோரீன் திரையில் வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. முதலில், "முகவர் வெளியே வந்துவிட்டாரா?" என்று கேட்டார். வந்துவிட்டார் என்றேன், எப்படி என்று அவர் கேட்கவில்லை. "வாடிக்கையாளரின் கட்டளை வந்துவிட்டது. எல்லாவற்றையும் நிறுத்துங்கள்" என்றார்.

நான் அந்தத் துறைமுகத்துக்கு வழக்கமாக அனுப்புகிற முறையில் அனுப்பினேன். இறங்குதுறை வேண்டாம், தண்ணீர் வேண்டாம், கழிவுப் படகு வேண்டாம். காரணம் எழுதவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டேன். லூதா இல்லாத அலுவலகத்தில் அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கணினியை மூட எழுந்தேன்.

உடனேயே பதில் வந்தது. "கிடைத்தது, மிஸ்டர் அன்ரன். படகைக் கட்டிவிடுகிறேன். நேரத்துக்கு அறிவித்ததற்கு நன்றி. அந்திரி."